இறகைப் பார்த்துக் கோழியின் உடல்நிலையைக் கண்டுபிடிப்பது எப்படி: வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்ப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

2022 ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதியை மலேசிய அரசாங்கம் நிறுத்தி, அதே வருடக் கடைசியில் முட்டைக்கும் தட்டுப்பாடு வந்தபோது, செபராங் பிறை பக்கம் நிறைய பேர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கூடு அடித்து நாலைந்து கம்பத்துக் கோழிகளை விட்டார்கள். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. தாமான் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் எல்லாமே புதிது, அவர்களிடமிருந்து வாட்சாப்பில் வரும் கேள்வி முக்கால்வாசி இதுதான்: "அக்கா, கோழிக்கு இறகு கொட்டிக்கிட்டே இருக்கு, ஏதாவது சீக்கா?" கூடவே முதுகு வழுக்கையான ஒரு கோழியின் படம்.

அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதுவும் சொல்ல முடியாது. இறகு உதிர்வதற்கு வயது காரணமாக இருக்கலாம், சேவல், செள், தீனி, பக்கத்துக் கோழி என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். எதுவுமே இல்லாமல் அடைக்கு உட்கார்ந்திருக்கவும் கூடும். அதனால் வரிசையாகப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது இரண்டு விஷயங்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இறகு எப்படி இருக்கிறது என்பது போன பல மாதத்துக் கதை, ஏனென்றால் முளைத்து முடிந்த இறகு உயிரில்லாத பொருள், அது முளைத்த காலத்தில் கோழி என்ன தின்றது, எப்படி இருந்தது என்பதுதான் அதில் பதிந்திருக்கும். இறகைக் கோழி எப்படி வைத்துக்கொண்டிருக்கிறது என்பது இன்றைய நிலைமை. அழகான இறகோடு இன்று ராத்திரி செத்துப்போகிற கோழியும் உண்டு, பாதி மொட்டையாகத் திரிந்துகொண்டு நன்றாக இருக்கிற கோழியும் உண்டு.

முதலில் தூரத்தில் நின்று பாருங்கள்

கூட்டைத் திறந்ததும் தீனியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். கொஞ்ச நேரம் தள்ளி நில்லுங்கள். ஆள் பக்கத்தில் வந்தால் நோய்ப்பட்ட கோழியும் நிமிர்ந்து நின்று இறகை ஒட்டிக்கொள்ளும், பலவீனத்தைக் காட்டினால் மற்ற கோழிகள் கொத்தும் என்பது அதற்குத் தெரியும்.

நல்ல கோழி இறங்கி வந்ததும் உடம்பை ஒரு உதறு உதறும், இறகெல்லாம் ஒரு நொடி விரிந்து திரும்பப் படியும். பிறகு வால் நிமிர்ந்திருக்கும், இறக்கை இரண்டும் விலாவோடு ஒரே உயரத்தில் ஒட்டியிருக்கும். உதறிய பிறகும் இறகு படியாமல் உப்பியே நிற்கிறதா, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணைப் பாதி மூடியிருக்கிறதா, வால் தொங்குகிறதா, தனியாக ஒரு மூலையில் நிற்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தால் கவனியுங்கள், இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அந்தக் கோழியை அப்போதே பிரித்து வையுங்கள்.

அடுத்து நண்பகலில் ஒரு தடவை பாருங்கள். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்துவிட்டு நம்மவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கோழி உப்பி நின்றால் குளிராக இருக்கலாம் என்று அவர்கள் எழுதுவார்கள், அவர்கள் ஊரில் அது சரி. பினாங்கில் மத்தியான வெயில் 32 டிகிரியைத் தொடுகிறது, கோழியின் உடம்புச் சூடோ 41, 42 டிகிரி, அதற்கு வியர்வைச் சுரப்பியும் கிடையாது. அந்த நேரத்தில் நல்ல கோழி இறகை உடம்போடு அழுத்தி ஒட்டவைத்து, இறக்கையை மட்டும் விலாவிலிருந்து சற்று விலக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அதுதான் சூட்டை வெளியே தள்ளும் வழி. மற்ற எல்லாக் கோழிகளும் அப்படி நிற்கும்போது ஒன்று மட்டும் இறகைச் சிலிர்த்து உப்பிக்கொண்டு நின்றால், அதற்கு உடம்புக்குள் ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் கோழி வளர்ப்பவர் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இந்த மத்தியானச் சோதனையைச் செய்யுங்கள் என்பேன்.

செப்டம்பர், அக்டோபர் மழையில் நனைந்த கோழி உப்பி நிற்பது வேறு. ஈரம் காய்ந்ததும் சரியாகிவிடும். காய்ந்த பிறகும் அப்படியே நின்றால்தான் கவலை. இன்னொன்று, வெயிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு இறக்கையையும் ஒரு காலையும் நீட்டி, கண்ணை மூடி அசையாமல் கிடக்கும் கோழியைப் பார்த்துப் புதியவர்கள் பதறுவார்கள். அது வெயில் காய்கிறது, விட்டுவிடுங்கள்.

இறக்கை தொங்குவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு இறக்கை மட்டும் தொங்கினால் அடிபட்டிருக்கலாம். அதோடு காலும் இழுத்தால், அதுவும் சில மாதமே ஆன கோழி ஒரு காலை முன்னால், ஒரு காலைப் பின்னால் நீட்டிக் கிடந்தால், நரம்பைத் தாக்கும் மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயை நினைக்க வேண்டும். அதற்கு மருந்து இல்லை, குஞ்சு பொரித்த அன்று போடும் தடுப்பூசிதான் வழி. இரண்டு இறக்கையும் தொங்கி உப்பி நிற்கும் குஞ்சுக்கு எச்சத்தைப் பாருங்கள், ரத்தம் கலந்திருந்தால் ரத்தக்கழிச்சல், அதில் ஒரு நாள் தாமதமும் அதிகம்.

பிடித்துப் பார்க்க வேண்டிய நேரம் ராத்திரி

பகலில் துரத்திப் பிடித்தால் கோழிக்கும் வேர்க்கும் உங்களுக்கும் வேர்க்கும், கோழிக்கு வேர்க்காது என்று மேலேதான் சொன்னேன், சரி, உங்களுக்கு இரண்டு மடங்கு வேர்க்கும். இன்னொரு காரணமும் இருக்கிறது. பயந்த கோழி கையில் சிக்கும்போது வால் இறகைக் கொத்தாக உதிர்த்துவிடும், அது அதன் தப்பிக்கும் தந்திரம், அப்புறம் அந்த மொட்டை வாலைப் பார்த்து நோய் என்று குழம்புவீர்கள். பரணில் ஏறி அடைந்த பிறகு, சின்ன டார்ச் வெளிச்சத்தில், இரண்டு கையாலும் இறக்கையை அணைத்துத் தூக்கினால் சத்தமே போடாது.

தூக்கியதும் முதலில் நெஞ்செலும்பைத் தடவுங்கள். இதை ஏன் இறகுக் கட்டுரையில் சொல்கிறேன் என்றால், இறகு மெலிவை மறைத்துவிடும். பார்க்கக் கொழுகொழு என்றிருக்கும் கோழியின் நெஞ்சில் கை வைத்தால் எலும்பு கத்தி விளிம்பாகக் குத்தும். அப்படியிருந்தால் குடற்புழு, நாள்பட்ட நோய், அல்லது மற்ற கோழிகள் தீனிக்கு விடாமல் விரட்டுவது, இதில் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது.

பிறகு ஒரே வரிசையில் போங்கள்: தலை, கழுத்து, முதுகு, வால் அடி, இறக்கை, இறக்கையின் உள்பக்கம், நெஞ்சு, எச்சவாய், கால். ஒவ்வொரு இடத்திலும் இறகைப் பின்னிருந்து முன்னால் வாரி, தோலைப் பாருங்கள். தோல் வெளிர் நிறத்தில், சுத்தமாக இருக்க வேண்டும். சிவப்பு, பொருக்கு, கருப்புத் தூள், பிசுபிசுப்பு எதுவும் கூடாது.

உடைந்ததா, உதிர்ந்ததா, முளைக்கிறதா

வழுக்கை இடம் கண்ணில் பட்டால் அடுத்த கேள்வி இதுதான், பெரும்பாலானோர் இதைக் கேட்பதே இல்லை. விரலால் தடவிப் பாருங்கள்.

குட்டைக் குட்டையாகத் தண்டு மிச்சம் இருந்து விரலில் சொரசொரவென்று தட்டினால் இறகு உடைந்திருக்கிறது. சேவல் மிதித்தது, மற்றது கொத்தியது, அல்லது கம்பியில் உரசியது. இது வெளிக்காரணம். மிச்சத் தண்டு தோலில் இருக்கும் வரை அந்த இடத்தில் புது இறகு வராது, அடுத்த உதிர்ப்பு, அதாவது பழைய இறகெல்லாம் விழுந்து புதிது முளைக்கும் காலம் வரைக்கும் அப்படியேதான் இருக்கும். அதனால் காரணத்தைச் சரிசெய்த பிறகும் வழுக்கை மாறவில்லையே என்று கவலைப்படாதீர்கள்.

தண்டே இல்லாமல் சின்னக் குழி மட்டும் தெரிந்தால் இறகு முழுதாகப் போயிருக்கிறது. தானாக உதிர்ந்திருக்கலாம், பிடுங்கப்பட்டிருக்கலாம். பிடுங்கினால் குழி சிவந்து, சில இடத்தில் ரத்தப் பொட்டு இருக்கும். பிடுங்கிய இடத்தில் புது இறகு சில வாரத்தில் வர ஆரம்பித்துவிடும்.

உறைக்குள் சுருண்டபடி கருநீலமாக நீட்டிக்கொண்டிருப்பவை குருத்து இறகுகள். இவற்றைப் பார்த்தால் நிம்மதி. அதில் ரத்த ஓட்டம் இருக்கிறது, தொட்டாலே வலிக்கும், முறிந்தால் நன்றாகவே ரத்தம் வரும். முறிந்துவிட்டால் மஞ்சள்தூளையோ சோளமாவையோ வைத்துச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், ரத்தம் நிற்கும் வரை மற்ற கோழிகளிடம் விடாதீர்கள். வேலி தாண்டாமலிருக்க இறக்கை நறுக்குபவர்கள் குருத்து இருக்கும் சமயத்தில் கத்தரிக்கோலை எடுக்கவே கூடாது.

முழுதாக இருக்கும் ஒரு இறக்கை இறகை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். குறுக்கே மெல்லிய, வெளிறிய கோடு ஓடினால், அந்த இறகு வளர்ந்துகொண்டிருந்த நாட்களில் கோழி பட்டினி, நோய், பயம் என்று ஏதோ ஒன்றில் இருந்திருக்கிறது. ஒரே கோடு எல்லா இறகிலும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருந்தால் அந்த நாட்களை நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். கோடு இருக்கும் இடத்தில் இறகு சுலபமாக முறியும்.

உதிர்ப்புக் காலம்: நம் ஊரில் காலண்டர் கிடையாது

கோழி சராசரியாக ஒன்றரை வயதில் முதல் முழு உதிர்ப்புக்குப் போகும், அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை. குளிர் நாடுகளில் பகல் குறையும் இலையுதிர் காலத்தில் எல்லாக் கோழியும் சேர்ந்து உதிர்க்கும். பினாங்கில் வருடத்தின் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் அரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதனால் இங்கே ஒரு கோழி மார்ச்சில் உதிர்க்கும், இன்னொன்று ஆகஸ்டில் உதிர்க்கும். பக்கத்தில் எல்லாம் நன்றாக இருக்கும்போது இது மட்டும் கொட்டுகிறதே என்பது நோய்க்கான ஆதாரமே இல்லை.

வரிசைதான் ஆதாரம். தலையில் தொடங்கும், பிறகு கழுத்து, நெஞ்சு, உடம்பு, இறக்கை, கடைசியில் வால். இரண்டு பக்கமும் ஒரே அளவில் போகும், பின்னாலேயே குருத்து வரும். முட்டை நின்றுவிடும், கொண்டை சுருங்கி வெளிறும், ஆனால் கோழி தின்னும், நடக்கும், கிளறும். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். வால் அடியிலோ முதுகிலோ மட்டும் மொட்டையாகி, தலையும் கழுத்தும் முழுதாக இருந்தால் அது உதிர்ப்பு இல்லை.

குஞ்சு வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பஞ்சுத் தூவி போய் முதல் இறகு வந்து, அதுவும் போய் அடுத்தது வரும் என்பதால் விடைக்கோழி பருவம் வரை அங்கங்கே உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். அது சகஜம். இரண்டு மூன்று வாரக் குஞ்சின் இறக்கை இறகுகள் படியாமல் தாறுமாறாக வெளியே நீட்டிக்கொண்டு, குஞ்சும் வளராமல், எச்சத்தில் செரிக்காத தீனி தெரிந்தால் மட்டும் குடல் சத்தை உறிஞ்சவில்லை என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இதை ஹெலிகாப்டர் நோய் என்பார்கள், பார்த்தால் அந்தப் பெயர் ஏன் என்று புரியும்.

இறக்கையை விரித்துப் பார்த்தால் உதிர்ப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லலாம். விரித்த இறக்கையின் நடுவில் ஒரு குட்டை இறகு இருக்கும், அதற்கு வெளிப்பக்கம் பத்துப் பெரிய இறகுகள். உதிர்வது அந்தக் குட்டை இறகுக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி வெளியே போகும். ஒரு இறகு முழு நீளம் வளர சுமார் ஆறு வாரம், அதில் முதல் மூன்று வாரத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்துவிடும். நல்ல முட்டைக்கோழி இரண்டு மூன்று இறகுகளைச் சேர்த்து உதிர்த்துச் சீக்கிரம் முடித்துக்கொள்ளும். மந்தமான கோழி ஒன்றொன்றாக, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று உதிர்க்கும், கணக்குப் போட்டால் பத்தும் முடிய 24 வாரம். இறக்கையில் படிக்கட்டாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் குருத்து நின்றால் அந்தக் கோழியிடம் முட்டையை எதிர்பார்த்துத் தீனி கொட்டாதீர்கள்.

இங்கே ஒரு விஷயம் தலைகீழாக இருக்கும். வருடம் முழுக்க முட்டையிட்ட கோழியின் இறகு மங்கி, நுனி கிழிந்து, பார்க்கப் பரதேசியாகத்தான் இருக்கும், காலின் மஞ்சளும் வெளுத்திருக்கும். சத்தெல்லாம் முட்டைக்குப் போகிறது, இறகும் மாறாமல் தேய்கிறது. பளபளவென்று மின்னும், காலெல்லாம் மஞ்சளாக இருக்கும் வயதான பெட்டை பெரும்பாலும் வேலை செய்யாத பெட்டை. முட்டைக்கோழி வாங்கப் பாசாருக்குப் போகிறவர்கள் மினுமினுப்பைப் பார்த்து மயங்குவது எனக்கு எப்போதும் சிரிப்பாக இருக்கும். முனீஸ்வரர் படையலுக்குச் சேவல் தேடுகிறவர்கள் வால் நிறைந்த, நிறம் கெடாத சேவலைக் கேட்பது வேறு, அது அவர்களுக்குச் சரி.

வழுக்கை எங்கே இருக்கிறது

முதுகும் பின்தலையும் மட்டும் போயிருந்தால் சேவல். மிதிக்கும்போது அலகால் பின்தலையைப் பிடித்து நகத்தால் முதுகில் நிற்கும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மூன்று பெட்டைக்கு ஒரு சேவல் வைத்திருக்கும் வீட்டில், அதுவும் சேவலுக்குப் பிடித்த ஒரு பெட்டை இருந்துவிட்டால், அந்தப் பெட்டையின் முதுகைப் பார்க்கவே முடியாது. குதிமுள்ளின் கூர்மையை அரத்தால் தேயுங்கள், கொஞ்ச நாள் சேவலைப் பிரித்து வையுங்கள். விலாவில் நகம் கிழித்து இறகுக்கு அடியில் புண் ஒளிந்திருக்கும், அதையும் தேடுங்கள், நம் ஊர் ஈக்கு ஒரு நாள் போதும் புழு வைக்க.

வால் அடி மொட்டையாக, தண்டுகள் மென்று துப்பியதாக இருந்தால் மற்ற கோழிகள் கொத்துகின்றன. யார் குற்றவாளி என்று கண்டுபிடிப்பது சுலபம், கூட்டத்தில் எந்தக் கோழிக்கு இறகு ஒன்றுகூடக் குறையவில்லையோ அதுவாகத்தான் இருக்கும். அதைத் தனியாகக் கொஞ்ச நாள் பிரியுங்கள். காரணம் பெரும்பாலும் நெரிசல், சும்மா நிற்பது, புரதக் குறைவு. ஒரு கட்டு கங்கோங் கீரையைத் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் பாதி நாள் அதிலேயே போகும். சிவப்புத் தெரிந்தால் எல்லாம் சேர்ந்து கொத்தும் என்பதால் புண்ணில் ஊதா மருந்து தடவுங்கள். எச்சவாயைக் கொத்தத் தொடங்கிவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், குடலை இழுத்துவிடும்.

நெஞ்சும் வயிறும் மட்டும் வெறுமையாக, கோழி கூட்டை விட்டு இறங்காமல், கை வைத்தால் உப்பி உறுமினால் அடைக்கோழி. முட்டைக்கு உடம்புச் சூடு நேராகப் படவேண்டும் என்று இறகை நீக்கிக்கொள்கிறது. வைத்தியம் வேண்டாம்.

கழுத்து முன்பக்கம் ஒரே கோடாகத் தேய்ந்திருந்தால் தீனிப் பெட்டியின் கம்பியைப் பாருங்கள். கழுத்தே இறகில்லாமல் பிறக்கும் இனமும் உண்டு, மலாய்க்காரர்கள் ஆயாம் தோகெல் என்பார்கள், நம் வெயிலுக்கு அருமையான கோழி. அதற்கும் மருந்து தேடியவர்கள் இருக்கிறார்கள்.

எச்சவாயைச் சுற்றி இறகு ஒட்டிப் பிசுபிசுத்திருந்தால் கழிச்சல். வெயிலில் தண்ணீர் நிறையக் குடித்ததால் எச்சம் இளகுவது தனி, அதில் கோழி சுறுசுறுப்பாக இருக்கும். நாளுக்கு இரண்டொரு தடவை வரும் பழுப்பான, நாற்றமடிக்கும் பசை எச்சமும் இயல்பானதுதான். வெள்ளைப் பசையாக, புளித்த நாற்றத்தோடு தோலும் சிவந்திருந்தால் பூஞ்சைத் தொற்று. பச்சை எச்சத்தோடு உப்பி நிற்பது, கழுத்து திருகுவது, மூச்சு இழுப்பது என்றால் வெள்ளைக்கழிச்சலாக (நியூகாசில் நோய்) இருக்கலாம், அதைப்பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பேனும் செள்ளும்

நம் ஊர் ஈரத்தில் இதுதான் பெரிய தலைவலி. இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள், ஆனால் இரண்டுக்கும் போராட வேண்டிய இடம் வேறு.

கோழிப்பேன் உடம்பிலேயே வாழும். வைக்கோல் நிறம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், எச்சவாய்ப் பக்கம் இறகை வாரிய உடனே வெளிச்சத்திலிருந்து ஓடும், ஒரு நொடிதான் தெரியும். அதைவிட முட்டையைத் தேடுவது சுலபம்: இறகுத் தண்டின் அடியில், தோலுக்குச் சற்று மேலே, நொறுக்கிய கல்கண்டு போல வெள்ளையாகக் கட்டியாய் ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினாலும் வராது. அந்த இறகுகளை அடியோடு கத்தரித்துப் பையில் கட்டிப் போடுங்கள்.

செள் ரத்தம் குடிக்கும். வெப்ப நாட்டுச் செள் கோழியின் மேலேயும் கூட்டிலும் இருக்கும், எச்சவாய் இறகுகள் எண்ணெய் அழுக்கு ஏறிக் கருத்துப் போயிருக்கும், தோலில் பொருக்கு இருக்கும், கோழியைத் தூக்கிய கையில் ஏறி நடக்கும். மனிதனையும் கடிக்கும். சிவப்புச் செள் இன்னும் கள்ளத்தனமானது, பகலில் பலகை இடுக்கில் ஒளிந்து ராத்திரியில் மட்டும் வரும், பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ராத்திரி ஒரு வெள்ளை டிஷ்யூவைப் பரண் கட்டையின் அடிப்பக்கம் அழுத்தி இழுங்கள். சிவப்புக் கீற்று விழுந்தால் அது கோழியின் ரத்தம். கொண்டை வெளிறுவது, கோழிகள் ராத்திரி கூட்டுக்குள் போக மறுப்பது இரண்டும் இதன் அடையாளம்.

பெர்மெத்ரின் தூள் இரண்டுக்கும் வேலை செய்யும், கோழிக்கு என்று விற்பதை வாங்கி அட்டையில் போட்ட அளவில் இறக்கை அடியிலும் எச்சவாயிலும் போடுங்கள். மருந்து முட்டையைக் கொல்லாது, அதனால் ஏழிலிருந்து பத்து நாளுக்குள் இரண்டாவது தடவை கட்டாயம். இந்த இரண்டாவது தடவையை விட்டுவிட்டு மருந்து சரியில்லை என்கிறவர்கள்தான் அதிகம். செள் என்றால் கோழியைவிடக் கூட்டுக்குத்தான் வைத்தியம்: வைக்கோலை எல்லாம் வாரிக் கட்டி வெளியேற்றுங்கள், இடுக்குகளில் மருந்து அடியுங்கள். வைக்கோலைப் பின்கட்டில் கொளுத்த வேண்டாம், திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை இருக்கிறது.

செய்யக் கூடாதவை: மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் எண்ணெய், கரப்பான்பூச்சி ஸ்பிரே. நாய் பூனைக்கு விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தையும் தொடாதீர்கள். 2017இல் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான முட்டைகளைக் கடையிலிருந்து எடுத்தது அந்த மருந்து முட்டையில் இறங்கியதால்தான். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைக் கொடுப்பதானால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, எத்தனை நாள் முட்டையைத் தின்னக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண் குளியல் இல்லாத கூட்டில் மருந்து எத்தனை போட்டாலும் பேன் திரும்ப வரும். கூரைக்கு அடியில், மழை படாத இடத்தில் ஒரு பழைய டயருக்குள் காய்ந்த மணலும் சாம்பலும் கலந்து வையுங்கள். வீட்டில் விறகடுப்பு போய் ரொம்ப நாளாகிவிட்டது, சாத்தே சுடுகிறவரிடம் கேட்டால் கரிச்சாம்பல் சும்மாவே தருவார். காய்ந்த வேப்பிலையை நொறுக்கிப் போடுவது நம் வீட்டுப் பழக்கம், போடலாம், ஆனால் பேன் ஏறிய கோழிக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கால் செதில் தூக்கி, சுண்ணாம்புப் பொருக்காக இருந்தால் அதுவும் ஒரு செள்தான், செதிலுக்கு அடியில் குடைகிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, காலைத் துடைத்து, தேங்காய் எண்ணெயோ வாசலினோ கெட்டியாகத் தடவுங்கள். சில வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

தீனி

இறகில் சுமார் 90 சதவீதம் புரதம். வீட்டில் மிஞ்சிய சோறும் சோளமும் மட்டும் போட்டு வளர்க்கிற கோழிக்கு இறகு எங்கிருந்து வரும்? சோற்று அரிசியில் புரதம் சுமார் 7 சதவீதம், சோளத்தில் 8, 9. முட்டைக்கோழித் தீனியில் 16, 17 இருக்கும், உதிர்ப்பு நேரத்தில் 18, 20 வரை தேவைப்படும். அதிலும் கந்தகம் சேர்ந்த மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் இறகு மெல்லிசாக, நுனி கிழிந்து வரும், அப்புறம் கோழிகள் கீழே விழுந்த இறகையே பொறுக்கித் தின்ன ஆரம்பிக்கும். தரையில் இறகே இல்லை என்றால் சுத்தமான கூடு என்று சந்தோஷப்படாதீர்கள், அதுவே ஒரு அறிகுறி.

உதிர்ப்புக் காலத்தில் நெத்திலித் தலையை நன்றாக ஊறவைத்து உப்பை இறக்கிப் போடுங்கள். தௌஃபூ செய்பவரிடம் சோயா சக்கை கிடைத்தால் அன்றன்றைக்கே போடுங்கள், நம் சூட்டில் மறுநாள் புளித்துவிடும். கருப்புப்படை ஈயின் புழு இப்போது காய்ந்ததாகப் பையில் விற்கிறார்கள், அதுவும் நல்லது. முட்டையிடாத அந்த மாதங்களில் சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள முட்டைத்தீனி தேவையில்லை, வளரும் கோழித் தீனியைக் கொடுத்துக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும்.

வால் தொடங்கும் இடத்தில், மேல்பக்கம் ஒரு சின்ன மொட்டாக எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது, கோழி அலகால் அங்கே தொட்டுத் தொட்டு இறகில் பூசும். தீனி சரியாக இருந்தும் இறகு வறண்டு, மழையில் உடனே ஊறிவிட்டால் அந்தச் சுரப்பி அடைத்து வீங்கியிருக்கிறதா பாருங்கள். புது ஆட்கள் அதைக் கட்டி என்று நினைத்துப் பிதுக்குவார்கள், வேண்டாம்.

புதுக்கோழி வாங்கும்போது

விற்பவர் முன்னாடியே இறக்கையைத் தூக்கிப் பாருங்கள். "அண்ணே, கொஞ்சம் திருப்பிப் பிடிங்க, பின்னாடி பார்க்கணும்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தால் வாங்காதீர்கள். எச்சவாய் சுத்தமா, தண்டு அடியில் வெள்ளைக் கட்டி இருக்கிறதா, நெஞ்செலும்பு குத்துகிறதா, மூக்கோரம் இறகு ஈரமா, தோள் பக்கத்து இறகில் சளி துடைத்த கறை இருக்கிறதா. மூக்குச் சளியை, கோழியின் முகத்தைக் கழுவி விற்பவர் மறைக்க முடியும், தோளை மறந்துவிடுவார், கோழி மூக்கைத் துடைப்பது தோளில்தான். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்றவற்றோடு விடாமல் இரண்டு மூன்று வாரம் தள்ளி வைத்துப் பேன் மருந்தை இரண்டு தடவையும் முடித்துவிடுங்கள்.

எப்போது கைப்பக்குவத்தை நிறுத்த வேண்டும்

ஒரு கோழி உப்பி நின்றால் பிரித்து வைத்து, தண்ணீர் கொடுத்து, எச்சத்தைப் பார்த்து, மறுநாளைக்குள் தேறவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று உப்பி நின்றால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். காரணமே தெரியாமல் கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால், கொண்டை நீலமாகி முகம் வீங்கினால், மேலே சொன்ன வெள்ளைக்கழிச்சல் போலக் கழுத்து திருகினால், கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லியாக வேண்டும். பறவைக் காய்ச்சல் 2004இல் கிளந்தானிலும் 2006இல் சிலாங்கூர், பேராக், பினாங்கிலும் வந்திருக்கிறது, வீட்டுக் கோழிகளிலும்தான். செத்ததை வெறுங்கையால் எடுக்காதீர்கள், கால்வாயில் வீசாதீர்கள். சாகப்போகிறதே என்று அறுத்துக் குழம்பு வைப்பது லயத்துக் காலத்திலிருந்து வரும் பழக்கம், அதை மட்டும் விட்டுவிடுங்கள். அதிகாரிகள் வரும் வரை மற்ற கோழிகளை அடைத்து வைத்து, கூட்டுக்குப் போட்ட செருப்பைக் கூட்டுக்கு வெளியிலேயே கழற்றிப் போடுங்கள்.